எங்கள் மருத்துவமாதை மாற்ற வேண்டாம்

தர்மபுரம்,
14.03.1962

அனுப்புநர்: இ. அருந்ததி, எட்டாம் வகுப்பு மாணவி.
பெறுநர்: எமது பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்.
பொருள்: பிரசவம் பார்க்கும் மருத்துவமாது இரஞ்சிதம் அவர்களை இங்கேயே வைத்திருக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இதை எவருக்கும் காட்ட வேண்டாமென முதலில் மன்றாடுகிறேன். விசேடமாக, என் தந்தை இளையதம்பிக்கு. மருத்துவமாதை மாற்றக் கோரித் தங்களுக்கு வந்த மனுவில் முதற் கையெழுத்து அவருடையது.

1. அம்மனுவில் உள்ளது பொய்யன்று. மருத்துவமாது எங்கள் குசினி அடுப்பில் சிறுநீர் காய்ச்சியது உண்மையே. எட்டு மாதக் கர்ப்பிணியான என் அக்கா விமலேஸ்வரிக்கு முகமும் கைகளும் வீங்கியிருந்தன. ஆண்பிள்ளைக்கு அடையாளமென்று அயலவர் மகிழ்ந்தனர். சோதிக்க வந்த மருத்துவமாதின் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. ஆதலால் சிறுநீர்க் குழாயை அடுப்பில் பிடித்தார். சிறுநீர் அவித்த முட்டையின் வெள்ளைபோல் திரண்டது. உடனே ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னார்.

2. "பொங்கல் பொங்கிற அடுப்பிலை மூத்திரம் காய்ச்சிறியோ? இனிப் படலையைத் தாண்டாதை!" என்று அப்பா துரத்தினார். "அடுப்பை மெழுகலாம் அண்ணை. பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ," என்று சொல்லிவிட்டே மருத்துவமாது சைக்கிளில் ஏறினார். அப்பா அடுப்பை இடித்துப் புதிதாகப் போட்டார். அக்காவை அனுப்பவில்லை.

3. அந்த வாரமே அக்காவுக்குத் தலை பிளப்பதுபோல் வலித்துக் கண் மங்கியது. வலிப்பு வந்தது. வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. வலிப்பு நிற்குமென்று கையில் இரும்புச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, திணித்து, வாயில் கோப்பி ஊற்றப் போனார்கள். நான் ஓடிப்போய் மருத்துவமாதை அழைத்தேன். மறுபேச்சின்றிப் படலையைத் தாண்டி வந்தார். கோப்பியைத் தட்டிவிட்டு, அக்காவை இடப்பக்கம் சரித்துக் கிடத்தினார். உழவு இயந்திரப் பெட்டியில் ஆசுபத்திரிவரை அவரே தலையைத் தாங்கி வந்தார்.

4. இரத்த அழுத்தம் ஏறி மூளையில் இரத்தம் கசிந்ததாகவும், வீக்கம் கண்டவுடன் வந்திருந்தால் தடுத்திருக்கலாமென்றும் வைத்தியர் சொன்னார். அழுத்தத்தை இறக்க மருந்து ஏற்றிப் பிள்ளையையும் எடுத்தார்கள். இப்போது இருவரும் சுகம். அக்காவின் மகன், என் பெறாமகன், நன்றாகக் கொழுத்துவிட்டான். அக்கா வலக்கையால் ஏணையை மெல்ல ஆட்டத் தொடங்கிவிட்டார். சற்றுக் கோணலாகச் சிரித்தாலும், அது எங்களுக்கு அழகுதான். பேரனை அப்பா தோளைவிட்டு இறக்குவதில்லை. ஆனால் அடுப்புத் தீட்டால்தான் எல்லாம் வந்ததென்று இன்னும் நம்புகிறார்.

5. ஐயா, திரண்ட சிறுநீர் நோயைக் காட்டியதேயன்றி, அதைக் கொண்டுவரவில்லை. அவர் போய்விட்டால் அடுத்த பிள்ளைத்தாய்ச்சியின் வீக்கத்தையும் பார்த்து நாங்கள் மகிழ்ந்துகொண்டுதான் இருப்போம். ஆகையால் அவரை மாற்றாது, அவருடைய விளக்குக்கு ஸ்பிரிட் மட்டும் தவறாமல் அனுப்பிவைக்குமாறு பணிவுடன்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்டினால் பலகை அதிரும். இது மெதுவாக, விட்டுவிட்டுக் கேட்கிறது. அக்காவின் வலக்கைதான் இது.