கழற்றிவிட்டுப் போகிற வண்டி

ஏரிக்கரை முகாம், கான்சஸ்
அக்டோபர், வியாழக்கிழமை

அன்பு மகள் ட்ரீனாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முட்டி மட்டும் ரேடியோவுக்கு முன்னால் மழையைச் சொல்லிவிடுகிறது. அங்கே நீயும் மருமகன் ஈவனும் நலமா, அபர்தீன் குளிருக்குக் கனத்த கோட்டு வாங்கினாயா இல்லை போன வருஷத்துப் பழசையே போட்டுக்கொண்டு திரிகிறாயா? மேல்மாடிக் கிழவர் வாராவாரம் மீன் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று சொன்னாயே, அடுத்த தடவை வாங்குவதற்குமுன் கொஞ்சம் யோசி, காரணமில்லாமல் மீன் கொடுக்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் சொல்லாமல் இதை ஏன் எழுதுகிறேன் என்றால் இப்போது எங்கள் வீடு மொத்தமே பழைய வீட்டுக் கூடத்தின் நீளம்தான், நான் ஒரு பக்கம் பெருமூச்சு விட்டால் அப்பா இன்னொரு பக்கத்திலிருந்து என்ன என்று கேட்கிறார். அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

வீட்டை விற்கிறோம் என்று வசந்த காலத்தில் சொன்னபோது நீ அழுதாய், யாருடைய யோசனை என்று கேட்டாய், இருவருடையதும் என்று சொல்லிவைத்தேன். அது பொய், முழுக்க உன் அப்பாவுடைய யோசனை. உனக்கே தெரியும், எண்ணெய்க் குழாய் பதிக்கிற இடத்தில் வெல்டிங் வேலை என்று அந்த மனிதர் நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போனவர், கிறிஸ்துமஸுக்கு வருவார், உன் பிறந்த நாளுக்கு வந்தால் உண்டு. வேலையை விட்டு வந்தபிறகு தன் வீட்டிலேயே ஸ்பூன் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று என்னைக் கேட்பார், விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் முட்டையைப் புரட்டிப் போட்டபடியே, இந்த வீட்டை விற்றுவிட்டுச் சக்கரம் வைத்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்துவிடலாமா மார்லிஸ் என்றார். வீட்டில் ஒட்டாத கால் மறுபடி கிளம்பப் பார்க்கிறது, இந்த முறை என்னையும் மூட்டை கட்டப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன், வேண்டாம் என்று சொன்னால் தனியாகப் போய்விடுவாரோ என்ற பயம்.

அதன்பிறகு எந்த மாதிரி வண்டி என்பதில் சண்டை ஆரம்பித்தது, கோடை முழுக்க ஓயவில்லை. எனக்கு மோட்டார் ஹோம்தான் வேண்டும், என்ஜினும் வீடும் ஒரே உடம்பாக பஸ் மாதிரி இருக்குமே அது. அவருக்கு ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் லாரியின் முதுகில் கொக்கி மாட்டி இழுக்கிற பெரிய டிரெய்லர். எஞ்சின் செத்தா வீடும் சேந்து செத்துடும் என்று அவர் ஒரே பல்லவி பாடினார், அதற்குச் சாட்சியாக நம் பக்கத்து வீட்டுப் பெவர்லியையும் அவள் புருஷன் கார்டனையும் இழுத்தார். அவர்களுடைய மோட்டார் ஹோம் டெக்சஸ் போகிற வழியில் நின்றுபோய் மெக்கானிக் கொட்டகையில் கிடந்தது, இவர்கள் பூனையோடு மோட்டலில் கிடந்தார்கள், மாற்றுத் துணியெல்லாம் கொட்டகைக்குள்ளே. அது நிஜம்தான், நான் மறுக்கவில்லை. இதற்கு நடுவில் வண்டி விற்கிற கடைக்காரன் ஒருவன் எங்களுக்கு வேன் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தான், அதில் நான் திரும்பினால் உன் அப்பா இறங்கி நிற்க வேண்டும். அவன் காட்டிய ஒவ்வொரு வண்டியிலும் நான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், மூலைகளில் காலால் அழுத்தித் தரை மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தேன், ஈரம் உள்ளே போன பலகை அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். எந்தக் குளிரையும் தாங்கும் அம்மா, வருஷம் பூராக் குடியிருக்கலாம் என்றான். உத்தரவாதக் காகிதத்தைக் கொண்டுவா என்றேன், அதன் கடைசியில் எறும்பு எழுத்தில், நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் இந்த உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். அதற்குப்பிறகு அவன் எங்களுக்குக் காபி கொண்டுவரவில்லை.

மோட்டார் ஹோம் ஏன் வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சாண்ட்விச் செய்யலாம் என்று சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். டிரெய்லரை நிறுத்திக் கொக்கியைக் கழற்றிவிட்டால் லாரி தனி, வீடு தனி. வீட்டையும் என்னையும் ஏதோ ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மோட்டார் ஹோமில் அந்த வேலை நடக்காது, போனால் இரண்டு பேரும் போக வேண்டும். அவர் அந்தக் கொக்கிக்காகப் பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க என் சந்தேகம் வளர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்பிள்ளை போன் செய்தாள். நான் எடுத்தால், ஓரின் இருக்காரா என்று உன் அப்பாவைக் கேட்பாள், இல்லை என்று சொன்னால் தன் பெயர் சொல்லாமல் வைத்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை மத்தியானமானால் அப்பா முகச்சவரம் செய்துகொண்டு தீவனக் கடைப் பக்கம் நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவார். மாடு கன்று இல்லாத வீட்டுக்குத் தீவனக் கடையில் என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த நண்பர்களில் ஒருவரைப் பிடித்து, என்ன எங்க வீட்டுக்காரர் உங்களை விடறதே இல்லைபோல என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், அவரைப் பார்த்து ஒரு மாசமாகிறது என்றார் அவர். அன்று சாயங்காலம் அப்பாவின் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளைச் சரளைத் தூள். சட்டையை முகர்ந்தேன், டீசல் வாடையும் வியர்வையும்தான், செண்ட் வாடை இல்லை. அதனால் நிம்மதி வந்தது என்று நினைக்காதே, செண்ட் போடாத பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் பெவர்லியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, என் கார் அவருக்குத் தெரியும் பார், பின்னாலேயே போனேன். அவருடைய பிக்கப் லாரி ஊரைத் தாண்டிச் சந்தைத் திடலுக்குள் நுழைந்தது, சந்தை நாள் இல்லாததால் ஈ காக்கை இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நடந்து எட்டிப் பார்த்தேன். சரளை மைதானத்தில் யாருடையதோ ஒரு பழைய ஃபிஃப்த் வீல் டிரெய்லரை லாரியில் மாட்டியிருந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த பெண்மணி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், லாரிக்குள் உன் அப்பா. நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்க வேண்டும் போலிருக்கிறது. அவர் இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகிறது, குச்சிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. மறுபடி முன்னால் போய் மறுபடி பின்னால் வந்து மறுபடி எல்லாவற்றையும் சாய்த்தார். என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார். பிறகு அந்த முட்டி வலியோடு இறங்கி, அவள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, குனிந்து குனிந்து ஒவ்வொரு குச்சியாக நட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒளிந்து நிற்பது கேவலமாகப் பட்டது, நேராக நடந்துபோனேன். அந்தப் பெண்மணிதான் முதலில் பார்த்தாள், பெயர் வாண்டா, முன்பு ஆட்டு மாட்டு லாரி ஓட்டியவள், இப்போது இந்த வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நீங்கதானே மார்லிஸ், வந்துட்டீங்களா, இனிமே நான் பேர் சொல்லாம போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பிளாஸ்க்கைத் தேடுவதுபோல ஒதுங்கிப் போனாள். உன் அப்பா திருடன் மாதிரி நின்றார். வேலை பார்த்த ஊர்களில் அவர் தங்கின டிரெய்லரை எப்போதும் வேறு யாராவதுதான் நிறுத்திக் கொடுத்தார்களாம், அவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியாதாம், அது எனக்குத் தெரியக்கூடாதாம். பின்னே எதுக்கு இந்த வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க, என்னை எங்கயாவது நிறுத்திட்டு லாரியை எடுத்துட்டுப் போகத்தானே என்று கேட்டேவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் போறதுக்கு இல்ல, மார்லிஸ். நீ போறதுக்கு” என்றார். “நாப்பது வருஷம் வண்டி எங்கிட்ட இருந்துச்சு, நீ வீட்டோட நின்ன. மோட்டார் ஹோம்னா மறுபடியும் நான் ஓட்டற பக்கமெல்லாம் நீ கூட உக்காந்து வரணும். இதுன்னா கழட்டி விட்டுட்டு நீ எங்க வேணா போயிட்டு வா. நான் வீட்டுல இருக்கேன்.”

பேச்சு இனித்தால் எனக்குப் பல் கூசும் என்பது உனக்குத் தெரியும். “வாயால சொன்னா ஆச்சா? சாவியைக் குடுங்க” என்றேன். கொடுத்தார். நான் லாரியில் ஏறினேன், வாண்டா படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, ஸ்டீயரிங்கை அடியில பிடிங்க, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க, அவ்வளவுதான் என்றாள். முதல் தடவை நானும் சாய்த்தேன். அதற்கடுத்த செவ்வாய்களில் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். இப்போது பின்னுக்கு எடுப்பது என் வேலை, அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கை காட்டுவார். எங்களில் யார் நன்றாக எடுக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை.

ஃபிஃப்த் வீல்தான் என்று முடிவானது, புதிது இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வைத்திருந்ததைப் பார்த்து வாங்கினோம். ஏணி வைத்துக் கூரை மேல் ஏறிப் பார்த்தேன், புகைபோக்கிப் பக்கம் புதுப்பசை பூசியிருந்தது, இது எதற்கு என்று கேட்டேன், போன வசந்தத்தில் ஒழுகியது என்று அந்த அம்மாள் உடனே ஒப்புக்கொண்டாள். மறைக்காமல் சொன்னதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் தரை கல் மாதிரி இருந்தது, குழாய்கள் உறையாதபடி கம்பளி சுற்றியிருந்தது, அடுப்பும் நான்கு பேருக்குச் சமைக்கிற அடுப்பு. படுக்கைக்கு இரண்டு படி ஏற வேண்டும், அப்பாவின் முட்டிக்காக நடுவில் ஒரு பலகை வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை இந்த ஏரிக்கரைக்கு வந்து இறங்கினோம். செவ்வாய்க்கிழமை நான் முதன்முறையாகத் தனியாக லாரியைக் கழற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன், சும்மாதான், பாட்டுப் பயிற்சி நடக்கிற சர்ச் ஏதாவது உண்டா என்று பார்க்க. இருந்தது, உட்கார்ந்து பாடிவிட்டு, பெயர் தெரியாத பெண்களோடு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டு, வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் பழைய புத்தி, டிரெய்லர் பூட்டிக் கிடக்குமோ, ஆள் இருக்கமாட்டாரோ என்று. லாரி என் கையில் இருக்கிறது, அந்த மனிதர் எங்கே போவார் என்ற யோசனைகூட வரவில்லை பார். முகாமின் வளைவில் திரும்பியதும் தெரிந்தது, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். என் விளக்கு வெளிச்சம் பட்டதும் நாற்காலி சாய எழுந்தார், பிறகு எழுந்தது தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவர் மாதிரி உள்ளே திரும்பினார். காத்திருக்கிறவர் முகம் வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது ட்ரீனா, அத்தனை வருஷமும் அது என் முகமாகவே இருந்துவிட்டது. லாரியைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன், அவர் பீன்ஸ் சூப்பை அடிப்பிடிக்க விட்டிருந்தார், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

ஈவனுக்கு என் அன்பைச் சொல், உங்கள் இருவரையும் கர்த்தர் கண்ணின் மணிபோலக் காத்து, போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் கூட இருப்பாராக. இனி எங்களுக்கு நிலையான விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் பெவர்லி வீட்டுக்கு எழுது, உறையை நன்றாக ஒட்டு, அவளுக்குப் பிரித்துப் படிக்கிற பழக்கம் உண்டு என்று எனக்கொரு எண்ணம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா,
மார்லிஸ்