மேலே மிதந்த வண்டுகள்

ஜூன் 3, காலை 6.40. உன் மேய்ச்சல் நிலத்தில் பிரித்துப் பார்த்த சாணிக் குவியல்கள் இருபது. உயிரோடு இருந்த சாண வண்டுகள் நான்கு.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்காமல் எண்ணிக்கையில் ஆரம்பித்துவிட்டேன் என்று திட்டுவாய். நீ நலம் என்று எனக்குத் தெரியும். நேற்று பால் கறக்கும் கொட்டகையில் நீ அத்தானைப் பார்த்துப் போட்ட சத்தம் வேலி வரை கேட்டது. நிலம்தான் நலமாக இல்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுது, நிதானமாகப் படிக்கிறேன் என்றாய். எழுதுகிறேன். பால் லாரி டிரைவர் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக்காரர் நிலத்திலும் இருபது குவியல் பார்த்தேன். அங்கே நூற்று எண்பத்தேழு வண்டுகள். அதே மண், அதே மழை, அதே புல். "மாட்டு முதுகில் மருந்து ஊற்றுகிறீர்களா?" என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். அத்தான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. அந்த மருந்து மாட்டின் தோல் வழியாக உள்ளே போய்க் குடற்புழுவைக் கொல்கிறது, சரி. ஆனால் அதோடு நிற்பதில்லை. சாணியில் வெளியே வந்து வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது. வண்டு அந்தச் சாணியில் முட்டையிடுகிறது, பொரித்து வரும் குஞ்சுப் புழு அதைத் தின்று செத்துப்போகிறது. வண்டு இல்லாததால் சாணியை மண்ணுக்குள் இழுத்துப் புதைக்க ஆளில்லை. நீயே போய்ப் பார், மூன்று மாதத்துச் சாணி காய்ந்து தட்டு மாதிரி கிடக்கிறது. அடியில் புல் வெளுத்துச் சாகிறது, சுற்றியுள்ள புல்லில் மாடு வாய் வைப்பதில்லை. ஈ பெருகுகிறது. ஈ பெருகியதென்று அத்தான் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார். இப்படியே போனால் ஐந்து வருடத்தில் உன் நிலம் சாணி காயப்போட்ட சிமெண்ட் தரைதான்.

மருந்தை நிறுத்து. நாளையிலிருந்து.

உன் தம்பி


ஜூன் 6

பாசமுள்ள தம்பிக்கு,

சாணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன், என்னைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதுவும் நான் சத்தம் போட்டதைப் பற்றி. இருக்கட்டும். சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது சட்டை உன் மேல் தொங்கியது.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வண்டு டாக்டர் பேச்ச வண்டுங்க கேட்கும். நான் எதுக்குக் கேட்கணும்?" என்றார்.

"படிச்சவன் சொல்றான்ல. நிலம் போனா மாட்ட எங்க மேய்ப்பீங்க, உங்க தலையிலயா?" என்றேன்.

"என் தலையில புல்லு இருந்துச்சுன்னா நானே மேஞ்சுக்குவேன், விடு."

சிரித்துவிட்டேன். ஆனால் விடவில்லை. மறுநாள் நானும் போய் அந்தத் தட்டுகளில் ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியேதான், அடியில் ஒரு பூச்சி புழு இல்லை. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை. உனக்காகத்தான் இதெல்லாம், தெரிந்துகொள்.

ஒன்று மட்டும் எழுது. பெரிய மாடு முப்பத்திரண்டு, சரி. கன்றுகள் பதினொன்றும் இந்த வருடம்தான் முதல் தடவையாக மேய்ச்சலுக்குப் போகின்றன. அவற்றுக்குமா நிறுத்தச் சொல்கிறாய்?

உன் அக்கா

பி.கு.: ஒரு கன்றுக்குப் பிறந்தபோது நீ பெயர் வைத்தாயே, அடுத்தவள் தாயிடம் போய்ப் பால் குடிக்கிறாள் என்று, அந்தத் திருடி இப்போது வேலியைத் தாண்டவும் கற்றுக்கொண்டாள்.


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் நிறுத்து. நாற்பத்து மூன்றுக்கும். ஒரு கன்றுக்கு ஊற்றினாலும் அதன் சாணி நிலத்தில் விழும், எது எதன் சாணி என்று எனக்குத் தெரியாமல் போகும், கணக்கு கெடும். மருந்து துளியும் படாத ஒரு நிலம் எனக்கு வேண்டும். அப்போதுதான் எங்கள் நிலையத்தில் வாயடைக்க முடியும். இங்கே இருக்கும் பெரியவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். கொடுப்பேன்.

பயப்படாதே. வண்டு திரும்பி வந்தால் சாணியைப் புதைக்கும். சாணியோடு குடற்புழுவின் முட்டையும் மண்ணுக்குள் போய்விடும், புல்லில் ஏறாது. மருந்து செய்கிற வேலையை வண்டு செய்யும், அதுவும் சும்மா.

அத்தானிடம் சொல், மாதிரி எடுக்கும் இடங்களுக்கு அடையாளமாக நான் நடுகிற மஞ்சள் துணிக்கொடியில் ஒன்றை, அவர் தலையில் புல் முளைத்தால் அங்கேயும் நடுவேன்.

வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை வந்து மாதிரி எடுப்பேன். நேராக நிலத்துக்குப் போய்விடுவேன், வீட்டுக்கு வர நேரம் இருக்காது.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நேற்று நான்கு தடவை போன் செய்தேன். நிலத்தில் இருக்கும்போது அணைத்துவைப்பாய் என்று தெரியும், இருந்தும் செய்தேன். இன்று காலை உன்னைப் பிடிக்கலாம் என்று நிலத்துக்கு ஓடி வருவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். டிரைவர் காத்துக்கொண்டு நிற்கிறார், வேகமாக எழுதுகிறேன்.

கன்றுகள் சரியில்லை. பத்து நாளாகக் கழிசல். ரோமம் முள் மாதிரி நிற்கிறது. மூன்றுக்குத் தாடைக்கு அடியில் பை தொங்குவது போல வீக்கம், அழுத்தினால் விரல் பதிகிறது. திருடி வேலி தாண்டுவதை விட்டுவிட்டாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

அத்தான் காலையில் சாவியைக் கேட்டார். "குடு, கன்னுக்கு மட்டும் ஊத்துறேன்" என்றார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. தம்பியைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தரட்டுமா? ஒரு வரி எழுதினால் போதும். டிரைவர் சாயங்காலம் திரும்பும்போது கொடுத்துவிடு.

அக்கா


ஜூலை 28, மாலை

அக்கா,

இன்றைக்கு என்ன நாள் தெரியுமா? உன் நிலத்தில் இருபது குவியலில் தொண்ணூற்றாறு வண்டுகள்! வாளியில் சாணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஒவ்வொன்றாக மேலே வந்து காலை உதறிக்கொண்டு மிதந்தன. என்னோடு வேலை பார்க்கும் பெண் "கல்யாண வீட்டு வாசல்ல செருப்பு கிடக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எட்டு வாரத்தில் இது. பக்கத்துக்காரர் நிலத்திலிருந்து வேலி தாண்டி வந்துகொண்டிருக்கின்றன. புதைத்த குழிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், உனக்குக் காட்ட வேண்டும்.

இப்போது மருந்தை ஊற்றினால் எட்டு வாரமும் குப்பை. இன்னும் மூன்று வாரம் பொறு. ஆகஸ்ட் பதினெட்டோடு என் மாதிரி எடுப்பு முடிகிறது. மழைக்காலத்தில் இளம்புல் தின்றால் கன்று கழிவது சகஜம். காய்ந்த தீவனம் கொடுத்துப் பார். சாவியைத் தராதே.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பி,

மூன்று வாரம் பொறுக்கச் சொன்னாய். இரண்டு வாரம் பொறுத்தேன்.

முதலில் கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததே, அது போனது. அடுத்த நாள் அதன் பக்கத்தில் படுத்திருந்த கன்று. மூன்றாவதாகத் திருடி. தொட்டியில் தலையை வைத்தபடியே. தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தீவனம் அள்ளப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூக்கு தண்ணீருக்குள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். மருத்துவர் வந்தார். ஒரு கன்றின் கண்ணிமையை விலக்கிக் காட்டினார், உள்ளே காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "குடல்ல புழு அப்பிக்கிட்டு இருக்கு, ரத்தத்தையே குடிச்சு முடிச்சிருச்சு. பெரிய மாடு தாங்கும், முதல் வருஷக் கன்னு எப்படிம்மா தாங்கும்? மருந்த யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார்.

ஊற்றிய பிறகும் மூன்று செத்தன. மொத்தம் ஆறு. குழி தோண்ட வந்த பக்கத்துக்காரரிடம், உங்கள் கன்றுகள் மட்டும் எப்படி நன்றாக இருக்கின்றன என்று கேட்டேன். "கன்னுங்களுக்கு வாயில வேற மருந்து குடுத்துருவேனே. உங்க தம்பி முதுகுல ஊத்துறீங்களான்னுதான் கேட்டாரு. நான் சொல்ல வந்தேன், அவரு வாளிய தூக்கிட்டு ஓடிட்டாரு" என்றார்.

அந்த மருந்தால் உன் வண்டுக்கு இவ்வளவு கேடு இல்லையாம். மருத்துவரும் அதையே சொன்னார். ஒரே ஒரு கேள்வி, தம்பி. இன்னும் இரண்டு நிமிடம் அவர் பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

அத்தான் இப்போது நாற்பத்து மூன்றில் மிச்சம் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஊற்றிவிட்டார், அளவுக்கு மேலேயே. தடுக்க எனக்கு வாய் இல்லை. உன் வண்டுகளும் இனி இருக்காது.

நீ நிலத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். நீ சொன்னதில் பாதி சரி என்றும் தெரியும். அதனால்தான் உன் மேல் கோபத்தை முழுசாகக் காட்டவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தக் கன்றுகளின் சாணியைக் கையில் எடுத்தாயே. அதில் ஒன்றும் தெரியவில்லையா உனக்கு?

இனி செவ்வாய்க்கிழமை வராதே. அத்தான் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

தண்ணீரில் கலக்கினால் வண்டு மேலே வரும், மற்றதெல்லாம் அடியில் தங்கும். மேலே வந்ததை எண்ணினேன், அடியில் இருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்தேன். தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசலை ஊற்றியிருந்தால் புழுவின் முட்டையும் மேலே மிதந்து வந்திருக்கும். முதல் வருடப் பாடம் அது. உப்பு எங்கள் அறை அலமாரியில் இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது.

குளிர்பெட்டியில் கடைசி இரண்டு வாரத்து மாதிரிகள் மீதி இருந்தன. நேற்று உப்பில் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எண்ணாமலே தெரிந்தது.

எங்கள் தலைவரிடம் காட்டினேன். "கன்னு செத்தது வேற விஷயம்ப்பா. வண்டுக் கட்டுரையில அது எதுக்கு?" என்றார். அவரோடு வாதம் செய்யவில்லை. ஜூலை இருபத்தெட்டாம் தேதி நானும் உனக்கு அதையேதான் எழுதியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். ஆறு கன்றுக்கு அது போதாது.

உன் தம்பி

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே வண்டி எடுத்துக்கொண்டு போவேன். உன்னிடம் சொன்ன மாதிரியே இன்னும் மூன்று பண்ணைகளில் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கன்றுகளின் இமையை நானே விலக்கிப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து கொடுக்கச் சொல்வேன், கணக்கு கெட்டாலும்.

2. பக்கத்துக்காரரைப் பார்த்து, அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்பேன். வாளி இல்லாமல் போவேன்.

3. கட்டுரையின் முதல் பக்கத்தில் தொண்ணூற்றாறு வண்டு என்று எழுதுவேன். அதற்கு அடுத்த வரியில் ஆறு கன்று என்று எழுதுவேன். தலைவர் அந்த வரியை அடித்தால் கட்டுரையையே அனுப்பமாட்டேன்.

4. உன் நிலத்தில் நட்ட மஞ்சள் கொடிகளைப் பிடுங்க வேறு ஆளை அனுப்புவேன். நான் வரமாட்டேன்.

5. டிரைவரிடம் தினமும், ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். நீ எழுதினால், முதலில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுவேன்.