தும்மல் பாட்டுக்கு ஒரு வக்கீல்

ஞாயிறு, ஆகஸ்ட் 3

புழுக்கம். காற்றே இல்லை, ஆனால் துறைமுகத்து நிலக்கரித் தூசி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. துவைத்துப் போட்ட வெள்ளைப் புடவை சாம்பல் புடவையாயிற்று.

மதியம் ரேடியோவில் நேயர் விருப்பம். எத்தனை மாதம் கழித்துத் தும்மல் பாட்டு! மழையில் நனைந்த கதாநாயகி பல்லவி முடிகிற இடத்திலெல்லாம் தாளம் தப்பாமல் தும்முவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் படம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. கூடவே நானும் தும்மினேன்.

ஜேம்ஸ் அண்ணன் வந்து ரேடியோவை அணைத்தார். மெல்லிசைக் குழு நடத்துகிறவர் வீட்டில் இது கேட்கக் கூடாதாம். "கலீஜ் பாட்டு. மெட்டே இந்தியில சுட்டது."

"இரவல் அரிசில சுட்டாலும் இட்லி நம்ம வூட்டு இட்லிதாண்ணே. இந்திக்காரி தும்மினாளா?"

அண்ணன் ரேடியோவின் திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புதன், ஆகஸ்ட் 6

திருவொற்றியூர் பஸ்ஸில் நின்றபடியே. தொழிற்சாலை டெலிபோன் போர்டில் நாளெல்லாம் "ஹலோ, ஹலோ". தொண்டை கட்டல்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு ஒரே குஷி. ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள். பெரம்பூர் ரயில்வேயில் கிளார்க். பெயர் எட்வின். அம்மா மட்டும்தான், அப்பா இல்லை.

அம்மாவின் கட்டளைகள்: பவுடர் அளவாக. கேட்டால் மட்டும் பேச்சு. தும்மல் பாட்டு, மூச்சு விடக் கூடாது.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

வந்தார்கள். எட்வின் நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. அவருடைய அம்மா ரோஸ்மேரி, குண்டு, சிரித்த முகம். பிஸ்கட், டீ, வெயில், ரயில் கூட்டம் என்று பேச்சு ஒழுங்காகத்தான் போயிற்று.

எட்வின் கேட்டார்: "பாட்டுல ஆர்வம் உண்டா? நான் இந்தி, இங்கிலீஷ் மட்டும்தான் கேக்கறது. தமிழ்ல எல்லாம் காப்பி. ஒரு பொண்ணு தும்மிக்கிட்டே பாடுமே, அத கேட்டா தலைவலி வருது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாதாவே, முயற்சி செய்தேன்.

"நீங்க அத முழுசா கேட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவ. அது ரிக்‌ஷாக்காரங்க பாட்டு."

"ரிக்‌ஷாக்காரருக்கு இன்னா, காது இல்லியா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்றாவது தும்மல் ஏன் அரைத் தாளம் தள்ளி வருகிறது, மெட்டைக் கடன் வாங்கினவர் அதில் என்ன வேலை செய்திருக்கிறார், எல்லாம் சொன்னேன். தும்மியும் காட்டினேன்.

ரோஸ்மேரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிஸ்கட் தொண்டையில் அடைத்துவிட்டது என்று அம்மா தண்ணீர் எடுக்க ஓடினார்.

செவ்வாய், ஆகஸ்ட் 12

தரகர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "பொண்ணு வாயாடின்னு சொல்ட்டாங்க."

மூன்றாவது இடம். அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் கழுவப் போய்விட்டார். எனக்கும் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வயதில் ஒரு பாட்டுக்காகச் சண்டை போடுகிறவள் பைத்தியமா? யாரிடம் கேட்பது? குழம்பில் உப்பு வேறு அதிகம்.

வெள்ளி, ஆகஸ்ட் 15

காலையில் சுதந்திர தினக் கொடியேற்றம், சாயங்காலம் மாதா திருவிழா. கோயில் மைதானத்தில் அண்ணனின் கச்சேரி. பாடுகிற பெண்ணுக்கு ஜுரம். "பிலோ, நீதாம்மா காப்பாத்தணும்" என்று அண்ணன் கெஞ்சினார். வீம்பு பண்ணாமல் போனேன்.

நான்கு பாட்டு நன்றாகப் போயிற்று. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வந்தது: தும்மல் பாட்டு. அண்ணன் கிழித்துப் போட்டார். இன்னொரு சீட்டு. அதையும் கிழித்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு அம்மா மேடைக்கே ஏறி வந்தார். ரோஸ்மேரியம்மா!

"இன்னாப்பா, ரெண்டு சீட்டு குட்த்தேன். படிக்கத் தெரியாதா?"

அண்ணன் வாயைப் பிளந்தார். அந்த அம்மா என் காதோடு சொன்னார்: "வூட்ல பாட முடியல கண்ணு. புள்ளைக்கு மானம் போவுதாம். நீ பாடு, நான் தும்முறேன்."

பாடினேன். முதல் தும்மல், மைக்கே அதிர்ந்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல் கூட்டத்தில் யாரோ "நூறு!" என்றார். அடுத்த தும்மலுக்கு நாலு பக்கமும் "இருநூறு!" பாட்டு முடிவதற்குள் ஆயிரம் தாண்டிவிட்டது. ரோஸ்மேரியம்மா மூன்றாவது தும்மலை அரைத் தாளம் தள்ளி, துல்லியமாகப் போட்டார். பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பாங்கோஸ் அடிக்கிற தாஸுக்கு சிரிப்பில் கை வரவில்லை. மறுபடியும் பாடச் சொன்னார்கள். பாடினோம்.

எட்வின் வேப்பமரத்தடியில், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு.

ஞாயிறு, ஆகஸ்ட் 17

லேசான தூறல். ரோஸ்மேரியம்மா தனியாக வந்தார், சுடச்சுட வடையோடு.

"எட்வின் சரின்னுட்டான். நீ இன்னா சொல்ற கண்ணு?"

அம்மா கையெடுத்து மாதாவைக் கும்பிட்டார்.

நான் கேட்டேன்: "பாட்டு இப்ப புடிச்சிருக்காமா அவருக்கு?"

ரோஸ்மேரியம்மா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இல்ல. எனக்காவத்தான் சரின்னான். கண்ணாலம் ஆனா நீ அதப் பாடக் கூடாதாம்."

"அப்ப வேணாம்மா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரங்கள் உருண்டன. ரோஸ்மேரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை. "மருமவளா வந்தா நம்ம ரெண்டு பேரு வாயையும் சேத்து தெச்சிருப்பான்" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்கு நடுவில் அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். மீஞ்சூரில் ஒரு கல்யாணக் கச்சேரி கேட்டு வந்திருக்கிறார்களாம். தும்முகிற அம்மா கட்டாயம் வர வேண்டுமாம். சொல்லும்போது அண்ணனுக்கு எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வர்றேன் நைனா. ஆனா தும்மல் ஒண்ணே போதுமா? விக்கல் பாட்டு ஒண்ணு வந்துச்சே, அதுக்கும் முன்னால?" என்றார் ரோஸ்மேரியம்மா.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. கதவைச் சாத்திவிட்டு அந்த அம்மாவைச் சொல்லித்தரச் சொன்னேன்.