அன்றைக்கு நான்தான் கத்தினேன்

குவியலின் மேலே கிடந்த ஒரு குழாய்க்கு மட்டும் வியர்த்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை விட்டு, போன வாரம் திங்கட்கிழமை காலை சுள்ளென்று வெயில் அடித்தது. ஒன்பது மணிக்குள் யார்டில் கிடந்த பழைய இரும்பெல்லாம் காய்ந்துவிட்டது. அந்த ஒரு குழாயின் கீழ்ப்பாதியில் மட்டும் முத்து முத்தாக ஈரம் நின்றது. மேல்பாதி காய்ந்திருந்தது. நடுவில் கோடு போட்டது போல ஓர் எல்லை.

என் வலது கை தானாகப் பக்கத்தில் போயிற்று, உன் முழங்கையைக் கிள்ள. கிள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நீ போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பது மூளைக்குத் தெரியும். கைக்கு இன்னும் தெரியவில்லை.

என்னை வேலைக்குச் சேர்த்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்குமா? எனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு வாரம். பெரிய ஹெல்மெட், என் கைக்கு இரண்டு விரல் நீளமான கையுறை. நீ என்னைவிட ஆறு மாதம்தான் பெரியவள். ஆனால் அந்த இரும்புக் குவியலின் முதலாளியம்மா மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"பேர் இன்னா?"

சொன்னேன்.

"இன்னா? காத்து வருது, பேர் வரல."

மறுபடி சொன்னேன்.

"சரி உடு. சாயங்காலம் ஆதார் கார்டுல பாத்துக்கிறேன்."

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன் ஐயா' என்று சொன்னது காதில் விழாமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கே ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், பத்தாவது பாதியில் நான் நின்றுகொண்டபோது அதையும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நீ ஒருத்திதான் என் சத்தம் இல்லாததைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அதற்கு ஒரு வழி பண்ணினாய்.

நம் வேலை பார்ப்பதற்குச் சாதாரணம். லாரியில் வரும் பழைய இரும்பைக் காந்த கிரேன் அள்ளி உலை மேடையில் கொட்டும். மேடையில் ஏழுமலை அண்ணனும் இன்னும் மூன்று பேரும் அதைக் கம்பியால் உலைக்குள் தள்ளுவார்கள். கிரேன் அள்ளுவதற்கு முன்னால், மூடிய பொருள் எதுவும் குவியலில் இல்லாமல் பார்ப்பது நம் வேலை. சிலிண்டர், வண்டியின் ஷாக் அப்சார்பர், மூடி திறக்காத டின். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றோ தண்ணீரோ, உருகிய இரும்புக்குள் விழுந்த நொடியில் வெடித்து, குழம்பை அப்படியே மேடை மேல் வாரி இறைக்கும்.

என் கண் கூர்மை என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாய். சந்தேகமாக எதைப் பார்த்தாலும் நான் உன் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளுவேன். அடுத்த நொடி நீ தொண்டையைத் திறப்பாய். "பாயி! நிப்பாட்டு! எறக்கு!" கிரேன் ஓட்டும் மஸ்தான் பாய், இருபதடி உயரத்துக் கூண்டில், அத்தனை இரைச்சலிலும் பட்டென்று நிறுத்துவார்.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு பிரேக்கு இருந்தா நல்லாருக்கும்பா" என்பார் கீழே இறங்கியதும்.

"உனுக்கு பிரேக்கே நான்தான் பாயி" என்பாய்.

ஒரே ஒரு நாள்தான் என் மேல் கோபப்பட்டாய். ஒரு ஷாக் அப்சார்பர் காந்தத்தோடு மேலே போயிற்று. அதை வெட்டித் திறந்திருக்கிறார்களா இல்லையா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமல் கிரேனை நிறுத்தினால் திட்டுவார்களே என்று யோசித்தேன். யோசித்து முடித்துக் கிள்ளும்போது அது உலைக்குள் இருந்தது. பட்டாசு போல ஒரு சத்தம். ஏழுமலை அண்ணனின் இடது முன்கையில் ஒரு சொட்டு. ஒரே சொட்டுதான், ஆனால் கையுறையும் சட்டையும் தாண்டித் தோலுக்குள் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரை நீ என்னோடு பேசவில்லை. பிளாட்பாரத்தில் மீஞ்சூர் பக்கம் போகும் என் ரயில் வந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தாய்.

"சந்தேகம்னா கிள்ளு. கரெக்டா இருந்தாத்தான் கிள்ளணும்னு உனுக்கு எவன் சொன்னான்? தப்பா போச்சின்னா திட்டு வாங்கறது என் வேலை. போ, ரயிலு போய்டும்."

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் ஆரம்பாக்கத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் உள்ளே வந்தேன். அழக்கூட எனக்குச் சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு யார்டில் என் பக்கத்தில் யாரையும் போடவில்லை. நான் ஒரு தந்திரம் செய்துகொண்டேன். அரை மணி நேரம் முன்னாலேயே வருவேன். சந்தேகமான எதையும் காந்தம் வருவதற்குள் நானே இழுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன். வாயைத் திறக்காமலே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். முதுகு வலித்தது. ஆனால் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. இது கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் குழாயைப் பார்த்தபோது காந்தம் இறங்கிக்கொண்டிருந்தது. காந்தம் இறங்கும்போது குவியலைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கையால் செய்ய ஒன்றும் இல்லை.

குழாய் மேலே போயிற்று. மேடையில் ஏழுமலை அண்ணன் கம்பியைக் கையில் எடுத்தார். அந்த முன்கையின் தழும்பு எனக்குக் கீழே இருந்தே தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி திறந்தேன்.

"பாயி! நிப்பாட்டு! எறக்கு!"

அது என் குரல் என்று எனக்கே புரியவில்லை. உடைந்த தகரம் மாதிரி இருந்தது. ஆனால் சத்தம்! உலைக் கொட்டகையின் கூரையில் மோதித் திரும்பி வந்தது. காந்தம் பாதி வழியில் நின்று ஆடியது. பிறகு மெல்லத் திரும்பி, அள்ளியதையெல்லாம் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கியது.

மஸ்தான் பாய் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "யாருமா கத்துனது?"

கையைத் தூக்கினேன்.

"நீயா? யா அல்லா! நீ கத்துறன்னா கம்பெனியே கவுந்துடுச்சின்னு இல்ல நெனச்சேன்!"

சூப்பர்வைசர் சார் ஓடி வந்தார். உலை காத்திருக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் கரண்ட் போகிறது என்று அவருக்குப் பதற்றம். குழாயைக் காட்டினேன். அவர் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது வெட்டுன பைப்பும்மா. வெட்டுனது போலாம்னுதானே ரூலு. இதுல இன்னா இருக்கு?"

"வேர்த்துது சார்."

"இன்னாது?"

"கீழ்ப்பாதி மட்டும் வேர்த்துக்கினு இருந்துச்சி. உள்ள தண்ணி இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். நான் கத்தி, காந்தம் இறங்கி, அவர் வருவதற்குள் வெயில் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டிருந்தது. குழாய் மற்ற குழாய்களைப் போலவே இருந்தது. சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "பைப்புக்கு ஜுரம் சார், மாத்திரை குடுங்க" என்றான் ஒருவன்.

அந்த இடத்தில் பழைய நானாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்திருப்பேன். ஆனால் ஒரு தரம் கத்தியபிறகு தொண்டை மூட மறுத்தது. உன் வீட்டில் ஒரு நாள் பார்த்ததைச் சொன்னேன். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நீ சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாயே. மேலே சீக்கிரம் காய்ந்தது, கேஸ் இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் அப்படியே நின்றது. இதுவும் அப்படித்தான் சார் என்றேன்.

"இது இன்னா அடுப்பங்கரையாம்மா?"

மேடையிலிருந்து இறங்கி வந்திருந்த ஏழுமலை அண்ணன் குறுக்கே வந்தார். "சார், எங்க ஊட்லயும் அப்படித்தான் பாக்கறாங்க. அறுத்துப் பாத்துட்டாப் போச்சி. இன்னா பேஜாரு?"

குழாயை எல்லோரையும் விட்டுத் தள்ளி எடுத்துப் போனார். நெருப்பு வேண்டாம் என்று கைரம்பத்தை வைத்தார். கொஞ்ச நேரம் ரம்பத்தின் சத்தம் மட்டும்தான். நான் என் கையுறையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ரம்பம் உள்ளே இறங்கியதும் துருப்பிடித்த தண்ணீர் பீய்ச்சியது. பிறகு ஓடியது. ஏழுமலை அண்ணன் குழாயைச் சாய்த்துப் பிடித்தார். அது நிற்காமல் ஓடி, தரையில் ஒரு குட்டை கட்டி, சூப்பர்வைசர் சாரின் ஷூ வரைக்கும் போயிற்று. அவர் காலை நகர்த்தவில்லை.

காரணம் அப்புறம்தான் எல்லோருக்கும் விளங்கியது. மழையில் வெளியே கிடந்த நீளக் குழாய், ஒரு பக்கம் சேறு அடைத்து, தண்ணீரோடு வெட்டும் மிஷினுக்குள் போயிருக்கிறது. மிஷின் அதை வெட்டும்போதே இரண்டு வாயையும் பேஸ்ட் ட்யூபின் வால் போல நசுக்கி மூடிவிட்டிருக்கிறது. வெட்டினால் திறந்துவிடும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். திறக்க வேண்டிய மிஷினே மூடிக்கொண்டிருந்தது. நீயும் நானும்கூட எத்தனை முறை 'வெட்டுனதுதான், போகட்டும்' என்று விட்டிருப்போம்!

அன்று குவியலைப் பிரித்ததில் அதே போல இன்னும் இரண்டு கிடைத்தன. ஏழுமலை அண்ணன் தன் டிபனில் இருந்த இரண்டு வடையையும் என் டப்பாவில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வரிசையாக நிற்கும் கூட்டத்தில், சூப்பர்வைசர் சார் என்னைக் கூப்பிட்டார். "நீயே சொல்லும்மா. நான் சொன்னா தூங்கிடுவானுங்க." நாற்பது பேர். ஆனாலும் சொன்னேன். வாய் நசுங்கிய குழாயைத் தனியாக அறுத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மழையில் நனைந்தது கொட்டகைக்குள் காயாமல் மேடைக்குப் போகக் கூடாது. அப்புறம் இதையும் சொன்னேன்:

"கிரேனை நிறுத்த நம்மகிட்ட இருந்தது அவ தொண்டை ஒண்ணுதான். அவ போன அன்னிக்கு, இனிமே யாரு நிறுத்துவாங்கன்னு நம்மள்ல ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. எனுக்கு அடுத்து வர்றவளுக்கும் குரல் வராமப் போனா இன்னா சார் பண்றது? கத்தத் தெரியாதவங்களுக்கும் ஒண்ணு வேணும்."

ஒருவரும் தூங்கவில்லை. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து, நாம் பக்கத்தில் நிற்கும் தூணில், என் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு சுவிட்ச் மாட்டினார். அழுத்தினால் கிரேன் நிற்கும். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். சந்தேகம் ஒன்றே போதும், காரணம் காட்ட வேண்டியதில்லை என்று சார் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் உன் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நீ? கத்துனியா? போம்மா, எம்பொண்ணு இருந்தப்ப நீ தண்ணி கேட்டதே சைகையிலதான்."

"நெஜமா நைனா."

"எங்க, ஒரு தபா கத்திக் காட்டு."

கூடத்தில் நின்று கத்திக் காட்டினேன். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். உன் நைனா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், "இன்னோர் தபா" என்றார். இன்னொரு தரமும் கத்தினேன். நீ போனபிறகு அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டது அன்றுதான் என்று உன் அம்மா சொன்னாள்.

உன் குரலை நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. உன்னுடையது இன்னும் நன்றாக இருக்கும். என்னுடையது கீச்சென்று உடைகிறது. ஆனால் அது என்னிடமே இருந்திருக்கிறது. அதை இப்போது தினமும் ரயிலில் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், காலையில் திரும்பக் கொண்டு வருகிறேன்.

நேற்று இரண்டாவது லோடில், நசுங்கிய தகரங்களுக்கு நடுவில் ஒரு பெயின்ட் டின் தெரிந்தது. மூடி இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. காந்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தூணுக்குப் போய் சுவிட்சை அழுத்தினேன்.