கேரவனுக்கு அக்கினி மூலை

யுவராணி,

எதிர் மனையில் நம் கேரவன் வேறு பக்கம் பார்த்து நிற்கிறதே என்று பதறாதே. விடியற்காலையில் நான்தான் திருப்பினேன்.

வடக்குப் பார்த்து நின்றபோது அடுப்பு ஈசானிய மூலையில் இருந்தது. "அந்த ஊட்டுல பால் காய்ச்சினா நான் வர மாட்டேன்" என்றார் உன் அம்மா. "அம்மா வராத ஊட்டுல நானும் குடியிருக்க மாட்டேன்" என்ற நீ, அதோடு என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டாய். இப்போது வண்டி கிழக்குப் பார்க்கிறது, அடுப்பு அக்கினி மூலையில். சினிமாக்காரர்கள் ஓட்டித் தேய்த்த பழைய வண்டிதான். ஆனால் இப்படித் திரும்புகிற வீடு வெள்ளானூரில் வேறு யாரிடம் இருக்கிறது?

இட்லி ஹாட்பாக்கில். பால் பாக்கெட்டைத் தொடாதே, அது புது வீட்டுக்கு. வீட்டுக்காரர் ஷஃபியுல்லா பாய் வருவார். மனசு வந்தால் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடு.

அத்தையை அழைத்துவர முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்புகிறேன்.

பரத்

பி.கு: போட்டோ அனுப்பினேன், அத்தையே போன் செய்துவிட்டார். "மூலை சரியாயிடுச்சா மாப்ள? அப்ப நானும் துணிமணி எடுத்துகினு உங்களோடவே வந்துடறேன். வண்டி திருப்பதி போவுமில்ல?"

உள்ளே இருப்பது ஒரே கட்டில். இப்போதாவது என்னோடு பேசு.