நான் பிடுங்கிய குண்டூசிகள்

சென்னை
புதன்கிழமை

அன்புள்ள சாராளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டு நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆடை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளின் தையல் கூடத்தில் எனக்கு உதவியாள் வேலை சுலபம்தான். திங்கட்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. சோபனா என்ற மாணவி பரீட்சைக்காகப் ஆளுயரப் பொம்மை மேல் துணியில் ஒரு மேல்கோட்டு வெட்டி, குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தாள். நான் ஆம்பூரில் முப்பது வருஷம் தோல் வெட்டியவன் அல்லவா? தோலில் குத்தின ஓட்டை மறுபடி மூடவே மூடாதே என்று பதறி, எல்லா ஊசியையும் பிடுங்கிவிட்டேன்!

“தாத்தா, இன்னா பண்ணிட்டீங்க! இது துணி, ஓட்டை தானா மூடிக்கும்” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுபடி குத்த நான்தான் ஊசி எடுத்துக் கொடுத்தேன். தோல் பதனிடுகிறவர்கள் போடுவதற்கான கோட்டு அது. கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கக் கூடாதென்று விரற்கடை விரற்கடையாக அளக்கிறாள். என் வேலைக் கோட்டு முப்பது வருஷமும் அங்கேதான் கிழிந்தது. நீதான் தைத்துத் தைத்துக் கொடுத்தாய்.

“தையலுக்கு இன்னாத்துக்கு காலேஜு?” என்று, இதே காலேஜில் சேர நம் பேத்தி நிஷா எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறாய். மாதக் கடைசிதான் கெடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டுவிடு.

அவள் சேர வரும்போது என் குடியாத்தம் கைலியைக் கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியது இடுப்பில் நிற்கவில்லை. பேச்சுத்துணையும் இல்லை.

கூடம் திறக்கக் கூப்பிடுகிறார்கள். அடுத்த வாரம் வரி நேராக எழுதுகிறேன், நீ கையெழுத்துப் போட்டாயா என்று அதில் கேட்க வைக்காதே.

உன்
இன்பராஜ்