மயிலைக்கு முதுகில் ஊசி

10 பிப்ரவரி 2004, வருசநாடு

கால்நடை மருந்தகத்துக்கு இன்றும் பேச்சிமுத்து தன் மயிலைக்காளையைக் கொண்டுவந்தார். கம்பிவேலி கிழித்த பின்னங்கால் காயம் ஆறி நாளாயிற்று. ஆனால் துண்டு உரசினாலே துடிக்கிறது, உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வருகிறாராம். அதற்குள் குணமாகாவிட்டால் கம்பம் வழியாகக் கேரளாவுக்கு, கறிக்கு.

11 பிப்ரவரி

நரம்பில் பட்ட காயம் தண்டுவடத்தில் அழற்சியைக் கிளப்பிவிடும். அதைத் தணித்தால் வலி அடங்கும் என்று படித்திருக்கிறேன் — எலிகளில். எலி எங்கே, மயிலை எங்கே?

12 பிப்ரவரி

போட்டுவிட்டேன். வாலடியில், முதுகெலும்பின் இடுக்கில், அழற்சிக்கான மருந்து.

"கால்ல நோவு, முதுகுல எதுக்கும்மா ஊசி?" என்றார் பேச்சிமுத்து.

"நோவு இப்ப முதுகுலதான் இருக்குண்ணே" என்றேன். தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

13 பிப்ரவரி

மயிலை படுத்துவிட்டதாம், எழவில்லையாம். ஆள் வந்து சொல்லிப் போனார். ஊசி இறங்கக்கூடாத இடத்தில் இறங்கிவிட்டதா? கிருமி போயிருக்குமா? அல்லாவே, அந்த வாயில்லா ஜீவனை நானே முடமாக்கிட்டேனா?

சாயங்காலம் — போய்ப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே இரண்டு கோடு, தீய்ந்த வாடை. பேச்சிமுத்து சூடு வைத்திருக்கிறார்.

"முதுகுலதான் நோவுன்னு நீங்கதான டாக்டரம்மா சொன்னீக? ஊசியும் சூடும் சேந்தா சட்டுனு ஆறிரும்னுதான்..."

கத்திவிட்டேன். அவர் மனைவி சோணையம்மாள்தான் குறுக்கே வந்தார். "வையாதீகம்மா. விக்க மனசில்லாமத்தான் செஞ்சாக."

அதற்குமேல் என்னத்தைத் திட்ட? புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தேன்.

14 பிப்ரவரி

போய்ப் பார்க்கப் பயம். போகவில்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

மயிலை நிற்கிறது. துண்டை எடுத்துப் பின்னங்காலில் போட்டேன். உதைக்கவில்லை. மறுபடி போட்டேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வியாபாரி வெறுங்கையோடு போனார்.

2 மார்ச்

மயிலை உழவுக்குப் போகிறது.

காலையில் பேச்சிமுத்துவின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கர்ணன், நொண்டும் பசுவோடு வந்தார்.

"ஊசியெல்லாம் வேணாம்மா. மயிலைக்குச் சொன்ன மாதிரி, எங்கன சூடு வைக்கணும்னு மட்டும் தொட்டுக் காட்டுங்க."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.